நேராகவே இருந்த வரிசை

முந்தைய நாள் மைத்துனர் பதித்து முடித்திருந்த மூன்று வரிசை டைல்ஸில் இரண்டைக் கொத்தனார் காலையிலேயே பெயர்த்துப் போட்டிருந்தான். தண்ணீரில் தன் கால் வளைந்து தெரிவதைக் கண்டு, அதை நிமிர்த்தப் போன கொக்கின் வேலை அது. அவன் மனைவியின் அண்ணனான அந்த மைத்துனர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என் மேல கோவம்னா என்னைத் திட்டு மாப்ள. டைல்ஸ் என்ன பண்ணுச்சு?”

“கோணலா இருந்துச்சு மச்சான். பாம்பாட்டம் நெளிஞ்சுது.”

மைத்துனர் மிச்சமிருந்த வரிசையின் ஓரமாக நூலை இழுத்துக் கட்டினார். நூல் ஒவ்வொரு விளிம்பையும் தொட்டுக்கொண்டு ஓடியது.

“இப்பப் பாரு.”

கொத்தனார் குனிந்து பார்த்தான்.

“நூலும் நெளியுது மச்சான்.”

சிரிக்க வாய் திறந்த மைத்துனர், அவன் நூலை விரலால் நிமிர்த்தப் பார்ப்பதைக் கண்டு அருகில் உட்கார்ந்தார். மெதுவாக விஷயம் வெளிவந்தது. போன மாதம் கூட்டாளி வீட்டு விருந்தில் போதை மருந்து தோய்த்த ஒரு துண்டுக் காகிதத்தை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டானாம்.

“ஒரே ஒரு தடவை. சுவரெல்லாம் வண்ண வண்ணமா பூத்துச்சு. விடிஞ்சா சரியாயிடும்னான், ஆகலை. சுவர் மூச்சு விடுது. அதுக்குப் பின்னாடி யாரோ என்னைப் பத்தியே பேசறாங்க. இன்னொண்ணு போட்டா எல்லாம் இறங்கிடும்னு குடுத்திருக்கான். மத்தியானம் போடலாம்னு...”

மைத்துனர் உள்ளங்கையை நீட்டினார். கை நீண்டபடியே இருந்தது. கொத்தனார் வெகுநேரம் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் எடுத்துக் கொடுத்தான். வீணாய்ப்போன கலவைக்குள் அவர் அதைக் கரண்டியால் அழுத்திப் புதைத்தார்.

“உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க. பைத்தியத்தைக் கட்டிக்கிட்டோம்னு நினைப்பா.”

“கல்யாணத்துக்கு முன்னாடியே நான் அதைத்தான் சொன்னேன், அவ கேக்கலை. எழுந்திரு, டாக்டர்கிட்ட போவோம்.”

மனநல மருத்துவர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். தனியாகப் பேசிக்கொண்டே திரிந்த சித்தப்பாவைப் பற்றிக் கொத்தனார் சொன்னான்.

“அப்படின்னா உங்களுக்கு இது இன்னும் ஆபத்து. சிலருக்கு ஒரு தடவையிலேயே மனசு தடம் புரண்டுடும். சிலருக்குப் பார்வை மாசக்கணக்கா நெளியும். இன்னொண்ணு போட்டிருந்தா எங்க போய் முடிஞ்சிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. நல்லவேளை, வந்துட்டீங்க. மருந்தை விடாதீங்க, நல்லா தூங்குங்க. தெளியற வரைக்கும் வெட்டற மிஷினைத் தொடாதீங்க.”

அன்று மாலை மனைவியிடம் அவனே சொன்னான். அவள் அழுதாள், பிறகு மாத்திரைக்கு முன்னால் சாப்பிட வேண்டுமா, பின்னாலா என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் அவனுக்குப் பாதி உயிர் திரும்பியது.

முதலில் சுவருக்குப் பின்னாலிருந்த பேச்சு நின்றது. கோடுகள் இன்னமும் சில நாள் அசைகின்றன. இப்போது மைத்துனர் பதிக்கிறார். கொத்தனார் கலவை குழைத்துக் கொடுக்கிறான்.

“மச்சான், அன்னைக்கு நீங்க மட்டும் கையை நீட்டலைன்னா...”

“தண்ணி கூடிப்போச்சு மாப்ள. கொஞ்சம் கெட்டியாக் குழை.”

கொத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சிமெண்டை அள்ளிப் போட்டான்.