நூற்று எழுபத்தோராவது நாள்

1.

இந்தக் கதை உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில் பிறந்தது. நேற்று, 2007 ஜூன் 28, ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க ஒரு மலேசிய பாஸ்போர்ட்டைப் பிரதி எடுத்தேன். விசாவின் அடியில் ஒரு பொடி எழுத்து வரி. அப்போதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதினால் இறங்குமா என்று பார்க்கிறேன்.

2.

'ஈப்போவில் பிறந்து இங்கே வாக்கப்பட்ட பாஜிலா, விசாத் தேதியைத் தவறாகப் புரிந்துகொண்டு

இந்த வரியை அடித்துவிட்டேன். அவள் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

'ஈப்போவில் வேலையிலிருக்கும் அவள் கணவன் ரசூல், அவசரத்தில்

அவன் பாவம், அதைப் பார்க்கவே இல்லை.

'விசா ஒட்டியவர்கள் கொஞ்சம் பெரிய எழுத்தில்

வாசகரே, மூன்று பேர் தலையில் போட்டுப் பார்த்தாயிற்று. படித்துச் சொன்னவன் நான்.

3.

மார்ச் மாதம். பாஜிலா தன் மாமியார் சாபிராவோடு கடைக்கு வந்தாள். ஐந்து மாத வயிறு. ஏப்ரலில் திரும்ப டிக்கெட்.

"அழகரண்ணே, பிரசவத்த இங்கனயே வச்சுக்கலாமா? விசா எது வரைக்கும்?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நாலு பேர்.

"2009 அக்டோபர் வரைக்கும் இருக்கும்மா. புள்ளைய நடக்கவிட்டே கூட்டிட்டுப் போகலாம்."

சாபிரா வாய்விட்டுச் சிரித்தாள். டிக்கெட்டை ரத்து செய்தார்கள்.

[அந்தத் தேதிக்குள் எத்தனை முறையும் வரலாம். ஆனால் ஒருமுறை வந்தால் நூற்றெண்பது நாள்தான் தங்கலாம் என்கிறது அந்தப் பொடி எழுத்து. வந்தது ஜனவரி பத்து. முடிவது ஜூலை எட்டு. பிரசவத் தேதி ஜூலை இருபது. இந்த வயிற்றோடு இனி விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அடைப்புக்குறிக்குள் எவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்!]

4.

அழகர் என்கிற பாத்திரம் எனக்கே நம்பும்படியாக இல்லை. பதினோரு வருடமாக விண்ணப்பப் பாரம் நிரப்புகிறவன் ஒரு வரி கீழே பார்க்க மாட்டானா?

முடிவு ஒன்று: நானே தேனிக்குக் கூட்டிப்போய் வெளிநாட்டுக்காரர்களைப் பதியும் எஸ்.பி. ஆபீஸில் மனு கொடுக்கிறேன். தங்கும் கெடுவை நீட்டித்துத் தருகிறார்கள்.

முடிவு இரண்டு: தரவில்லை. கைக்குழந்தையோடு ஏர்போர்ட்டில் நிறுத்திவைக்கிறார்கள். அடுத்த விசா கிடையாது. சாபிரா பேரப்பிள்ளையைப் போட்டோவில்

வேண்டாம்.

எந்த முடிவானாலும் முதலில் நான் அவளிடம் சொல்லியாக வேண்டும். சொல்லப் பயந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளுடைய ஒரு நாளை இந்தக் கதை தின்றுவிட்டது. இன்று நூற்று எழுபத்தொன்று.

5.

பாஸ்போர்ட்டை வாங்க வந்துவிட்டார்கள். பாஜிலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நிற்கிறாள்.

"தம்பி அன்னைக்குச் சொன்னாகள்ல, அந்தத் தைரியத்துலதான் தொட்டிலே வாங்கிப் போட்டுட்டேன்," என்கிறாள் சாபிரா.

"என்னண்ணே மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? ஜெராக்ஸ் சரியா விழலையா?"

முடிவை உங்களிடம் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். வெட்கமாக இருக்கிறது. பேனாவை மூடுகிறேன். நான் பாதியில் நின்றால் மிச்சத்தை நீங்கள் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

"உள்ள வந்து உக்காரும்மா. அக்கா, நீங்களும் உக்காருங்க. மார்ச்சுல நான் படிச்சுச் சொன்னது