சின்ன மெஷின் பார்க்காதது

பஃபலோ ரோட்டில் நகைக்கடை வைத்திருக்கும் பஞ்சவர்ணம் எதையும் சும்மா நம்பி வாங்குகிறவள் இல்லை. மிக்ஸி வாங்கப் போனால்கூட ஊறவைத்த உளுந்தோடு போய் அரைத்துப் பார்க்கும் ரகம். தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே மெஷினை மட்டும் விட்டுவிடுவாளா? பழைய நகை மாற்ற வருகிறவர்கள், "உரசிப் பாத்துச் சொல்லாதீங்க, மெஷின்ல காட்டுங்க" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வாங்கித்தான் ஆகவேண்டும்.

தம்பி அசோக் சின்ன மெஷினே போதும் என்று ஒற்றைக்காலில் நின்றான். மாடிப் பட்டறையில் நகை செய்வது அவன். கீழே கல்லாவில் உட்கார்ந்து, "இருபத்திரண்டு கேரட், என்னை நம்புங்க" என்று விற்பது அவள்.

மெஷின் விற்கும் ஃபஹத் சின்னதும் பெரியதுமாக இரண்டையும் கொண்டுவந்து வைத்தார். பஞ்சவர்ணம் கடை வளையல் ஒன்றை நீட்டினாள்.

"எங்க தங்கத்தையே வச்சுப் பாருங்க. எது சரியாச் சொல்லுதோ, அத எடுத்துக்கறேன்."

சின்ன மெஷின், தங்கம் தொண்ணூற்றொன்று புள்ளி ஆறு சதவீதம் என்றது; இருபத்திரண்டு கேரட்டுக்குச் சரியான கணக்கு. அவள் முகம் மலர்ந்தது. பெரியது எண்பத்தெட்டு என்றது. கூடவே இரிடியம் என்று ஒரு பேரையும் காட்டியது.

"உங்க பெரிய மெஷின் கெட்டுப்போச்சு லா!"

ஃபஹத் சிரிக்கவில்லை. "இல்ல மேடம். இரிடியம் வேற உலோகம். அதோட பொடியத் தங்கத்துல கலந்தா எடை குறையாது, நிறமும் மாறாது. சின்ன மெஷினுக்கு ரெண்டையும் பிரிக்கத் தெரியாது, தங்கம்னே கணக்குல சேத்துடும். அசோக் சார்கிட்ட போன வாரமே சொன்னேனே? இதே மாதிரி வளையல ரெண்டுலயும் வச்சுப் பாத்துட்டுத்தான் சின்னதே போதும்னாரு."

பஞ்சவர்ணம் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கியிருந்த நகைகளைத் திரும்பிப் பார்த்தாள். சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற பையன் தங்கைக்கென்று வாங்கிய சங்கிலி, பிடோக்கில் இருக்கும் ரத்தினம்மா மகள் கல்யாணத்துக்கு எடுத்த ஆரம், எல்லாமே இந்த லட்சணம்தானா? அத்தனை பேருக்கும் வாய் கூசாமல் சத்தியம் செய்தது அவளல்லவா!

மாடியைப் பார்த்துக் கத்தினாள். இறங்கி வந்த அசோக்குக்குத் திரைகளைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஃபஹத் நாசூக்காக வெளியே நகர்ந்தார்.

"எத்தன நாளாடா?"

"வாடகை ஏறினதுலேருந்து. யாருக்கும் தெரியாதுக்கா. உன் முகத்தப் பாத்துத்தானே வாங்குறாங்க."

பஞ்சவர்ணம் கையிலிருந்த வளையலைக் கழற்றினாள். அவன் செய்து போட்டதுதான். பெரிய மெஷினில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். தொண்ணூற்றொன்று புள்ளி ஆறு. இரிடியம் துளிகூட இல்லை.

"உனக்குப் போய் அப்படிச் செய்வேனாக்கா?" என்றான், மனம் புண்பட்டவன்போல.

பாவி, அதைப் பெருமையாக வேறு சொல்கிறான்! அவளை ஏமாற்றியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். நல்ல தங்கத்தை அவள் கையில் போட்டு, அந்தக் கையாலேயே ஊரை ஏமாற்றியிருக்கிறான்.

ஃபஹத்தைக் கூப்பிட்டு, "பெருசையே வைங்க. வர்றவங்க கண்ணுல படுற மாதிரி" என்றாள். அசோக் தடுக்கத் தடுக்க ரத்தினம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அந்த ஆரத்தக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்கக்கா. மெஷின்ல வச்சுப் பாக்கணும்."

மறுமுனையில் ரத்தினம்மா சிரித்தாள். "நீ குடுத்ததப் போயி யாராச்சும் சோதிச்சுப் பாப்பாங்களா?"

"நானும் அப்படித்தான்க்கா இருந்தேன்" என்றாள் பஞ்சவர்ணம்.