ஏழாவது குவியல்

இருபத்து நான்கு வருடமாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற மனுஷனைக் கூப்பிட்டு, விடைத்தாள் திருத்துவது எப்படி என்று ஒரு நாள் முழுக்கப் பேச உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? சைபர் சார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சைபர் என்பது மாணவர்கள் வைத்த பெயர். போனால் போகட்டும் என்று அரை மார்க் போடுகிற வழக்கமே அவரிடம் கிடையாது. தப்பென்றால் சைபர்தான், சிவப்பு மையில், நல்ல உருண்டையாக. அந்தப் பெயர் காதுக்கு வந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பல்கலைக்கழகத்துக்கு ஐந்து வளாகங்கள். முதலாம் ஆண்டு இயற்பியலுக்கு ஐந்திலும் ஒரே வினாத்தாள். திருத்துவது மட்டும் அந்தந்த வளாகத்து ஆசிரியர். யார் எப்படித் திருத்துகிறார் என்று மற்றவருக்குத் தெரியாது, கேட்பதும் மரியாதை இல்லை என்று விட்டுவிட்டார்கள். அதைத்தான் இப்போது ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதென்று ஏற்பாடு. வேறு யாராவது கூப்பிட்டிருந்தால் ஜலதோஷம் என்று சொல்லித் தப்பித்திருப்பார். கூட்டத்தை நடத்துகிற ஒருங்கிணைப்பாளரோ அவர் மனைவியின் தம்பி.

"என்னங்க, அவன் முதல் தடவையா இப்படி ஒண்ணு நடத்துறான். போய் யாரையும் கடிக்காம உட்கார்ந்துட்டு வாங்க, போதும்," என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஆளுக்கு முப்பது தாள், பெயரை மறைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சைபர் சார் முப்பதுக்கு மேல் ஒன்றைத் தனியாகப் பைக்குள் வைத்திருந்தார். அது ஒரு பெண்ணின் தாள். மூன்றாவது முறையாக எழுதியிருக்கிறாள், முப்பத்தெட்டு வாங்கியிருக்கிறாள். நாற்பது வேண்டும். நான்காவது முறை எழுத விதி இல்லை. படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அன்று மாலை நான்கு மணிக்கு மதிப்பெண் பட்டியலை மூடிவிடுவார்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் அவர் அறை வாசலில் வந்து நின்று, "எங்க தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லுங்க சார்," என்று கேட்டாள். "வகுப்புல கவனிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காதும்மா," என்று அனுப்பிவிட்டார். இன்றைக்கு யாராவது புதுமுறை, புதுவழி என்று ஆரம்பித்தால், இந்தத் தாளை எடுத்துப் போட்டு, இதற்கு என்ன செய்வீர்கள் என்று மடக்குவதாகத் திட்டம்.

கூட்ட அறையில் நான்கு மேசைகளை ஒட்டிப் போட்டு ஒரே நீள மேசையாக்கியிருந்தார்கள். ஒலிபெருக்கி கீச்சென்று கத்திவிட்டு உயிரை விட்டது. மைத்துனர் அதை ஓரம் தள்ளிவிட்டு வெறும் தொண்டையில் வரவேற்றார். அலுவலகத்தில் சைபர் சாரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்; பதற்றம் வந்தால் மட்டும் 'அத்தான்' என்று வாய் தவறும். வரவேற்புரையிலேயே இரண்டு முறை தவறியது.

ஐந்தில் கடைசியாகத் தொடங்கிய, ஆகச் சின்ன வளாகத்திலிருந்து ஒரு பெண் விரிவுரையாளர் வந்திருந்தார். முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கும். அச்சுக் காகிதம் வருகிற அட்டைப்பெட்டி ஒன்றைக் கயிறு கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருக்கிறார்.

"என்ன மேடம், கடை போடப் போறீங்களா?" என்றார் சைபர் சார்.

"ஆமா சார். தப்புக் கடை."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் கயிற்றை அவிழ்த்தார். ஆறு வருடமாகத் தன் மாணவர்கள் எழுதிய தப்பான விடைகளை நகலெடுத்து வகைவகையாகப் பிரித்து வைத்திருக்கிறார். சரியான விடை ஒன்றுகூட உள்ளே இல்லை.

"சரியா எழுதினவங்க என்ன நெனச்சாங்கன்னு நமக்குத் தெரியும். தப்பா எழுதினவங்க என்ன நெனச்சாங்கன்னுதான் தெரியாது. நான் ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு, 'இது என்ன'ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்பேன். மூணு நிமிஷம்கூட ஆகாது," என்றார் அட்டைப்பெட்டி மேடம். "இந்தப் பந்துக் கேள்விக்கு இதுவரைக்கும் எட்டே எட்டுத் தப்புதான் சார் வந்திருக்கு. ஒன்பதாவதா ஒண்ணை யாரும் செஞ்சதில்லை."

பந்துக் கேள்வி எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு பந்தை நேராக மேலே எறிகிறோம். ஏறும்போது, உச்சியில், இறங்கும்போது என்று மூன்று படம் போட்டு, பந்தின் மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறியால் காட்ட வேண்டும். ஆறு மார்க். மூன்றிலும் பந்தின் எடை கீழே இழுக்கிற ஒரே ஒரு அம்புதான் விடை. கையை விட்டுப் போன பந்தை மேலே தள்ள யாருமில்லை.

தப்பு என்றால் தப்பு, அதில் எட்டென்ன எண்பதென்ன என்று சைபர் சாருக்கு வாய் துறுதுறுத்தது. மனைவி ஞாபகம் வந்து ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டார். ஐந்து வளாகத்துத் தாள்களிலிருந்தும் அந்தக் கேள்விக்கான தப்பு விடைகளை மட்டும் உருவி, யாருடையது என்று பாராமல், எல்லோருமாக மேசை மேல் குவியல் குவியலாகப் பிரித்தார்கள். முதலில் சைபர் சார் சலித்துக்கொண்டே செய்தார். அரை மணியில் சலிப்பு போன இடம் தெரியவில்லை. முன்பின் பார்த்திராத ஊர்ப் பிள்ளைகள், ஒருவரை ஒருவர் பார்க்காதவர்கள், ஒரே மாதிரி நினைத்து ஒரே மாதிரி தடுமாறியிருந்தார்கள். நூற்றுச் சொச்சம் தாளும் எட்டுக் குவியலுக்குள் அடங்கிவிட்டன. மேடம் சொன்னது சத்தியம். அடேயப்பா என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

"இப்போ பின்பக்கம் திருப்புங்க," என்றார் மேடம். ஒவ்வொரு வளாகத்துத் தாளுக்கும் பின்னால் ஒரு நிறத்துச் சீட்டு ஒட்டியிருந்தது. குவியல்களில் நிறங்கள் கலந்து கிடந்தன, ஏழாவதைத் தவிர. அதில் இருபத்தொன்பது தாள். இருபத்தேழு மஞ்சள். மஞ்சள் என்றால் சைபர் சாருடைய வளாகம்.

மேடம் அந்த இருபத்தேழையும் படம் மேலே தெரிகிற மாதிரி வரிசையாகப் பரப்பினார். ஏறுகிற பந்தின் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்பு. எல்லாவற்றிலும் அது பந்தைத் தொடாமல் அரை விரல் தள்ளி நின்றது. எல்லாவற்றிலும் வாலில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு. தலை மட்டும் ஒரே இழுப்பில் மடங்கி, இடது பக்கம் கொஞ்சம் நீண்டிருந்தது.

"இப்படி ஒரு அம்பு எந்தப் புத்தகத்துலயும் இல்லை சார். யாரோ ஒருத்தரோட கை இது," என்றார் மேடம். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது, அவருக்கே ஆச்சரியம்.

மைத்துனர் சைபர் சாரைப் பார்த்தார். "அத்தான்... போர்டுல ஒரு பந்து வரைஞ்சு காட்டுங்களேன்."

சைபர் சார் எழுந்து போய்ப் பந்தை வரைந்தார். எடைக்கு ஒரு அம்பு போட்டு 'எடை' என்று எழுதினார். பிறகு யோசிக்காமலே, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட, அரை விரல் தள்ளி இன்னொரு அம்பு. வாலில் குறுக்குக் கோடு. பெயர் எழுதவில்லை. அது போகிற திசைதானே, சொல்ல வேண்டுமா என்ன? இருபத்து நான்கு வருடமாகச் சொன்னதில்லை.

திரும்பி மேசையைப் பார்த்தார். தூக்கிவாரிப் போட்டது. இருபத்தேழு கைகள் வரைந்தது அவருடைய கையை. அந்தக் குறுக்குக் கோட்டை அவர் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, தான் அப்படிப் போடுவதே அவருக்கு இப்போதுதான் தெரியும். கடைசி வரிசையில் தூங்கி வழிகிறார்கள் என்று அவர் எரிந்து விழுந்த பிள்ளைகள் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். இத்தனை வருடமும் இப்படியா என்னைப் பார்த்தார்கள் என்று அவருக்குப் பிரமிப்பாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

உடனே பையைத் திறந்து அந்தத் தனித் தாளை எடுத்தார். முதல் படத்தில் அதே அம்பு. அதைப் பார்த்ததுமே மூன்று படத்துக்கும் சேர்த்து ஒரே கோடாகக் கிழித்து ஒரு சைபர் போட்டிருந்தார். மற்ற இரண்டையும் பார்த்த ஞாபகமே இல்லை. இப்போது பார்த்தார். உச்சியில் அந்த அம்பு இல்லை, எடை மட்டும். இறங்கும்போது மறுபடி இருக்கிறது, இந்தமுறை கீழ்நோக்கி. எடை என்று எழுதிய அம்பு மூன்றிலும் ஒன்றேபோல், அதன் இடத்தில்.

"விசைன்னு நெனச்சிருந்தா உச்சியில ஏன் விட்டா? கீழ வரும்போது ஏன் கீழ திருப்பினா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"அவகிட்டயே கேளுங்க சார்," என்றார் மேடம். "'இது என்ன'ன்னு மட்டும். குறிப்பு எதுவும் கொடுத்துடாதீங்க."

மணி மூன்று இருபது. மைத்துனர் பதிவேட்டில் எண்ணைத் தேடி அழைத்துப் போனை அவர் கையில் கொடுத்தார். இயற்பியல் சார் பேசுகிறார் என்றதும் அந்தப் பெண், "சார்... என்ன சார்?" என்று பதறினாள்.

"பயப்படாதம்மா. பந்துக் கேள்வியில, முதல் படத்துல, பேர் எழுதாம மேல ஒரு அம்பு போட்டிருக்க. அது என்ன?"

"பந்து போற பக்கம் சார். நீங்க அப்படித்தானே போடுவீங்க. விசை ஒண்ணுதானே சார், எடை. அதுக்குப் பேர் எழுதியிருக்கேனே."

"உச்சியில ஏன் போடல?"

"அங்க ஒரு கணம் நின்னுடுது இல்ல சார்? போற பக்கம்னு ஒண்ணு கிடையாது." சற்று நிறுத்தி மெதுவாகச் சொன்னாள்: "எல்லாக் கணக்குலயும் இப்படித்தான் சார் வரைவேன். போன ரெண்டு தடவையும் இப்படித்தான். ரெண்டாவது தடவை வீட்டுல நூறு தடவை வரைஞ்சு பழகிட்டு வந்தேன்."

சைபர் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடம். தப்பு எங்கே என்று அவர் வாசலிலேயே வந்து கேட்டிருக்கிறாள்.

"பாஸ் மார்க் இல்லைன்னு சொல்லத்தான் கூப்பிட்டீங்களா சார்?"

"இல்லம்மா," என்றார். "தப்பு என்னோடது. அந்த அம்பு என்னன்னு நான் வகுப்புல சொன்னதே இல்லை. உன் மூணு படத்தையும் நான் பார்க்கவும் இல்லை. ஆறுக்கு ஆறு. நாப்பத்தி நாலு வருது. நீ பாஸ்."

துள்ளிக் குதிப்பாள், நன்றி சொல்வாள், குறைந்தது அழுவாள் என்று அவர் காத்திருந்தார்.

"அப்போ..." என்றாள். "நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானா சார்?"

"சரிதாம்மா. முதல் தடவையிலிருந்தே சரி."

போனைக் கையில் வைத்துக்கொண்டே அவள் வீட்டுக்குள் ஓடுவது கேட்டது. "அம்மா! அம்மா, நான் மக்கு இல்லையாம்மா!"

அவர் அதற்கு மேல் காதில் வைத்துக்கொள்ள முடியாமல் போனை மைத்துனரிடம் நீட்டினார். மதிப்பெண் மாற்றும் படிவத்தை வாங்கி, காரணம் என்கிற கட்டத்தில் 'திருத்தியவரின் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"தேர்வு அலுவலகத்துக்குச் சொல்லு, மஞ்சள் பட்டியலை நாலு மணிக்கு மூட வேண்டாம்னு," என்றார். "இன்னும் இருபத்தேழு பேர்கிட்ட கேட்கணும். போன வருஷத் தாளெல்லாம் எங்க இருக்கு?"

"கிடங்குல அத்தான். எத்தனை வருஷத்தோடது வேணும்?"

"இருபத்தி நாலு," என்றார் சைபர் சார். அட்டைப்பெட்டி மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.