நின்ற அளவு

அந்தத் தையல் கம்பெனியில் அவளை எல்லோரும் பொம்மையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பைக் ஓட்டும் பெண்களுக்கான ஜாக்கெட்டும் பேன்ட்டும் தைக்கிற இடம் அது. புதிதாக ஒரு மாதிரி வெட்டினால் முதலில் அவள் உடம்பில்தான் மாட்டிப் பார்ப்பார்கள். மற்ற நேரத்தில் நூல் பிசிறு வெட்டுவாள். நடுத்தர சைஸுக்கென்றே அச்சில் வார்த்த உடம்பு என்று கட்டிங் மாஸ்டர் அடிக்கடி சொல்வார்.

அவள் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்பாள். மாஸ்டர் வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி அவளைச் சுற்றிச் சுற்றி வருவார். கீழே விழுந்தால் எலும்பு உடையாமல் இருக்கத் தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் உள்ளே செருகிய கெட்டியான காப்புத் தகடுகள், கம்பெனி பேச்சில் கார்டுகள், சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று தட்டிப் பார்ப்பார். அவள் மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, "எங்கயும் பிடிக்கல மாஸ்டர், ஜம்முனு இருக்கு" என்பாள். அவள் வாய் திறந்த பிறகுதான் துணிக்கட்டு வெட்டு மேஜைக்கே வரும். அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சம் இருந்தது. இருக்கத்தானே செய்யும்? மெஷினில் குனிந்து குனிந்து இடுப்பொடிந்தவர்களுக்கு நடுவில், நிமிர்ந்து நின்றே பெயர் வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

ஒன்றே ஒன்றுதான். அவள் பைக் ஓட்டியதில்லை. எப்போதாவது யார் பின்னாலாவது ஒருபக்கமாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கிறாள். மாஸ்டருக்கு பஸ், முதலாளிக்கு கார். ஆண்களின் ஜாக்கெட்டைச் சின்னதாக்கி, இடுப்பைப் பிடித்து, ஒரு வண்ணப் பட்டை ஒட்டிவிட்டால் பெண்களுக்கு ஆயிற்று என்றுதான் மூன்று பேரும் வேலையை நடத்தினார்கள். அந்தக் கட்டடத்தில் இதை ஒரு குறையாகச் சொன்னவர் யாருமில்லை.

வண்டி ஓட்டுகிறவள் அவளுடைய மகள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபுக்குக் கொண்டுவருகிற வேலை. நரம்பைத் தேடித் திணறாமல் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். அந்தப் பெண்ணே வரட்டும் என்று சோறு தண்ணி இல்லாமல் காத்திருக்கிற கிழவர்கள் உண்டு. அப்பா இல்லாத வீட்டுக்கு அந்த வலது கைதான் எல்லாம். அதனால்தான் அம்மா பார்த்துப் பார்த்துத் தன் கம்பெனி ஜாக்கெட்டும் பேன்ட்டுமே வாங்கிக் கொடுத்தாள்.

ஒரு வாரம் ஓட்டிவிட்டு மகள் புகார் சொன்னாள்.

"நிக்கும்போது சூப்பரா இருக்கும்மா. ஹேண்டில் பாரைப் பிடிச்சா கை மேல ஏறிக்குது. முதுகுல காத்து அடிக்குது."

"நீ கூன் போட்டு ஓட்டுற. நிமிர்ந்து உக்காரு."

"பைக்ல எப்படிம்மா கையைத் தொங்கப் போட்டுட்டு உக்கார்றது? முழங்கை கார்டு தோளுக்குப் போயிடுது."

"உனக்கு உங்கப்பா மாதிரி நீளக் கை. அதுக்கு ஜாக்கெட் என்ன பண்ணும்? நானே போட்டுப் பார்த்து சரின்னு சொன்ன உருப்படிடீ அது."

"சரி தாயே. பொம்மையே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன" என்று மகள் சிரித்தாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

விபத்து என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திருப்பத்தில் மணல் கொட்டிக் கிடந்தது. வண்டி மெதுவாகத்தான் போனது, மெதுவாகத்தான் சாய்ந்தது. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது, பேன்ட் காலைக் காப்பாற்றியது. வலது முழங்கை மட்டும் நேராகத் தார் ரோட்டில் போய் அடித்து, உள்ளே எலும்பு துண்டு துண்டாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஜாக்கெட்டை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா அதை மடியில் விரித்துப் பார்த்தாள். பிசிறு பார்த்துப் பழகிய விரல் தானாகவே கைப்பக்கம் போனது. கார்டில் ஒரு கீறல்கூட இல்லை. கடையில் வைத்து விற்றுவிடலாம், அப்படிப் புதுசாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் துணி தேய்ந்து ஓட்டையாகி, ஓரமெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. எந்த இடத்தை மாஸ்டர் தட்டித் தட்டிப் பார்த்தாரோ, எந்த இடத்துக்குத் தான் தலையாட்டினாளோ, அந்த இடம் முழங்கை இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்த நாள் பையோடு வேலைக்குப் போனாள். மாதிரி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். முன்னால் சாய்ந்து மேஜை விளிம்பை ஹேண்டில் பார் மாதிரி பிடித்தாள். ஜாக்கெட் முதுகில் ஏறி இடுப்பு வெளியே தெரிந்தது. கார்டு முழங்கையை அம்போவென்று விட்டுவிட்டு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"உக்காந்தா எல்லாத் துணியும் ஏறத்தான்மா செய்யும்" என்றார் மாஸ்டர். அவர் முகம் செத்துப் போயிருந்தது.

"உக்காந்துதானே மாஸ்டர் ஓட்டுறாங்க? உக்கார வச்சு ஏன் அளவு எடுக்கல?"

மெஷின் சத்தம் நின்றதும் வந்து பார்த்த முதலாளி பக்கம் மாஸ்டர் திரும்பினார். முதலாளி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, நோயாளியிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"கையை வளைச்சு, முதுகை இறக்கித் தைக்கலாம். நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு மாடல் தைச்சும் பார்த்தோம். நின்னா சாக்குப் பை மாதிரி தொங்குது. கடையில கண்ணாடி முன்னால நின்னு பார்த்துத்தானே வாங்குறாங்க? ட்ரையல் ரூமுக்குள்ள யாரும்மா வண்டி ஓட்டிட்டு வர்றா? அத்தனையும் திரும்பி வந்துடுச்சு."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

முதலாளி ஆளைக் கூப்பிட்டு, புது ஜாக்கெட் ஒன்றைக் கவரோடு எடுத்துவரச் சொன்னார். "பொண்ணுக்குக் குடுங்க. கை நல்லானதும் போட்டுக்கட்டும். வைத்தியத்துக்கு என்ன வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்க."

அதை அவர் முகத்தில் வீசிவிட்டு வந்திருக்க வேண்டும். ராத்திரி படுக்கும்போதெல்லாம் மனசுக்குள் வீசத்தான் செய்தாள். ஆனால் அன்றைக்கு வாங்கிக்கொண்டாள். மகளின் கை வளைய வேண்டுமே. அதற்கு இன்னொரு ஆபரேஷன், தினமும் பிசியோதெரபி, எல்லாம் இருந்தன. மறுவாரம் புது மாதிரி வந்தபோது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். மாஸ்டர் அவள் முகத்தைப் பார்க்காமலே ஊசி குத்தினார்.

பிசியோதெரபிஸ்ட் பெண் தினமும் மகளின் கையைப் பிடித்து அழுத்துவாள். மகள் துண்டைக் கடித்துக்கொண்டு கத்துவாள். அம்மா வராந்தாவில் நின்று காதைப் பொத்திக்கொள்வாள். இன்றைக்குக் கொஞ்சம் வளைந்தது, நேற்றைவிட வளைந்தது என்று வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டார்கள். பொய் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன ஒரு நாளில் டாக்டரே சொல்லிவிட்டார், இனிமேல் இவ்வளவுதான் என்று. கை நீட்டினபடியே நின்றுபோனது. லேபில் அவளை போன் எடுக்கும் மேஜைக்கு மாற்றினார்கள். வண்டி கைமாறிப் போனது.

ஒரு விடுமுறைக் காலையில், ஆணியில் கவரோடு தொங்கிக்கொண்டிருந்த புது ஜாக்கெட்டை மகள் எடுத்தாள்.

"அது எதுக்குடீ இப்ப?"

"சும்மா. போட்டுப் பார்க்கிறேன்."

வலது கையை முதலில் நுழைத்துவிட வேண்டியிருந்தது. அம்மா நுழைத்துவிட்டு, ஜிப்பையும் இழுத்துவிட்டாள். மகள் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். தோள் சரியாக இருந்தது, இடுப்பு சரியாக இருந்தது. கையை மடக்க முயன்றாள். கை மடங்கவில்லை. கார்டும் முழங்கையை விட்டு இம்மியும் நகரவில்லை. இடது கையால் அதைத் தட்டிப் பார்த்தாள்.

"இப்பதாம்மா எனக்கு அளவு சரியா இருக்கு" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு, ஜிப்பை இறக்கிவிடுவதற்காக அம்மா பக்கம் திரும்பி நின்றாள்.