ஒரு தப்புகூட இல்லாத நாள்

பொய் சொல்ல அவளுக்குப் பதினோரு வரி போதுமாக இருந்தது. நர்ஸ் சலைன் பாட்டிலை மாற்றிவிட்டுப் போவதற்குள் லேப்டாப்பில் பத்து வரியைத் தட்டி முடித்திருந்தாள். கட்டிலில் கணவன் கண்ணை மூடிக் கிடந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

அவன் கேட்டது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று, சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது கேட்டான்.

"நான் போற வரைக்கும் கிழவனை நிறுத்த விடாத. அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோங்க."

சரி என்றாள். நான்காம் நாள் அவளே நிறுத்தினாள்.

கிழவன் ஆள் அல்ல. மருந்துக் கிடங்குக்காக அவன் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் எழுதிய புரோகிராம். கடைகளிலிருந்து வரும் ஆர்டர்களைப் படித்து, எந்த மருந்தை எந்த அலமாரியிலிருந்து எடுப்பது, எந்த வண்டியில் ஏற்றுவது என்று சொல்லும். அலுவலகத்தில் யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. "கிழவன் எப்படி இருக்கான்?" என்று யாராவது கேட்டால், "இருமுறான், ஆனா நடக்கிறான்" என்பான்.

இருவரும் அங்கே ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் நீ, வா, போ என்றே பேச்சு. அவன் கிழவனோடே உட்கார்ந்துவிட்டான். அவள் ஓடினாள். புரோகிராம் எழுதப் புதிதாக ஒரு மொழி வந்தால் படிப்பாள், பரீட்சை எழுதுவாள், அது கைக்கு வரும் நேரத்தில் எல்லோரும் அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போயிருப்பார்கள். மறுபடி முதல் பாடம். அப்படி ஏழு மொழி. மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே படித்ததுண்டு. "நீயும் கத்துக்கோ, இல்லன்னா ஒருநாள் தள்ளிடுவாங்க" என்று அவனிடம் சண்டை போடுவாள். அவன் சிரிப்பான். "கத்துக்கிறவங்களை மட்டும் மடியில வெச்சுக் கொஞ்சவா போறாங்க?"

அந்தச் சிரிப்பு அவளுக்கு எரிச்சலாக இருக்கும். அவன் சொன்னது சரி என்று இந்த வருஷம்தான் தெரிந்தது. கிழவனின் நாற்பதாயிரம் வரிகளை ஒரு இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடித்து வருவதற்குள் அது படித்து முடித்து, புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கிவிட்டது. அவளுக்குக் கொடுத்த வேலை, அது எழுதியதைப் பார்த்துச் சரி சொல்வது. சரி, சரி, சரி. இருபத்தாறு வருஷம் படித்த படிப்பு அந்த ஒரு சொல்லுக்கு ஆயிற்று. நாளைக்கு அந்தச் சொல்லையும் அதுவே சொல்லிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

கிழவனை நிறுத்தும் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லி அவள் கேட்டிருக்கலாம். டீம் லீடர் கெட்டவர் அல்ல. ஒரு மாதம் தந்திருப்பார். ஆனால் அந்த வாரம்தான் யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவு அவள் வேலையோடு வந்த காப்பீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதையும்விட, அவளுக்குப் பயம். வெறும் பயம். வாயைத் திறக்கவில்லை. நிறுத்தும்போது கிழவன் 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆம் என்று தட்டினாள். அது இன்னொரு முறையும் கேட்டது. யாரும் அவசரத்தில் கைதவறி நிறுத்திவிடக் கூடாதென்று அவன் எழுதி வைத்திருந்தான்.

அப்புறம் ஆறு வாரமாக, தினம் காலையில் "ஓடுதா?" என்பான். "ஓடுது" என்பாள். நேற்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இனி நாள் கணக்குதான் என்றார். இன்று காலை அவன் வேறு மாதிரி கேட்டான்.

"ஒரு தடவை கண்ணால பாக்கணும்."

கடைசி வரியையும் தட்டி ஓடவிட்டாள். திரையில் கிழவனின் அதே பச்சை எழுத்துகள், அதே அமைப்பு. ஆர்டர் எண், அலமாரி, வண்டி, 'அனுப்பியாச்சு'. சில விநாடிக்கு ஒரு வரி மேலே ஏறியது. அவன் விழித்ததும் தலையணையை உயர்த்தி, மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, லேப்டாப்பை அவன் மடியில் வைத்தாள்.

அவன் பார்த்தான். முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்ததும் செய்தது சரிதான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அவன் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்துக்கொண்டு வந்தான்.

"இன்னிக்கு என்ன, ஒரு தப்புகூட வரல" என்றான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, நிஜத்தில் இப்படி வராது. அலமாரியில் மருந்து தீர்ந்திருக்கும், கடைக்காரர் எண்ணைத் தவறாகப் போட்டிருப்பார், வண்டி வந்திருக்காது. ஐம்பது ஆர்டருக்கு ஒன்றாவது கிழவனிடம் சிக்கி நிற்கும். அவள் எழுதிய பதினோரு வரியில் எல்லாமே 'அனுப்பியாச்சு'தான். தப்பு வைக்க மறந்துவிட்டாள்.

"நல்ல நாளா இருக்கும்" என்றாள்.

"இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு நாள் வந்ததில்ல."

அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட எழுந்தாள். அது ஏற்கெனவே இழுத்துத்தான் இருந்தது. அவன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். இரண்டு மூன்று வரி கூடுதலாக ஏறியது.

"மூடிடு. கண்ணு கூசுது."

மூடினாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"ஆளை அனுப்புற அந்த லிஸ்ட்டுல உன் பேரு இல்லையே?"

"இல்ல."

"அப்ப சரி."

நர்ஸ் வந்து, கீழே மருந்துக் கடையில் ஊசி வாங்கி வரச் சொன்னாள். அவள் போய் வரிசையில் நின்று வாங்கி வந்தாள். வரும்போது அவன் தூங்கிக்கொண்டிருந்தான், போன் வயிற்றின்மேல் கிடந்தது. எடுத்து மேஜையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவன் எதுவும் பேசவில்லை. நாலு மணிக்கு மூச்சு நின்றது.

வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி அவனைக் கிடத்தினார்கள். வெளியூரில் படிக்கும் மகள் ஆறு மணிக்கு வந்து சேர்ந்தாள். அழுது ஓய்ந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அலுவலகத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். டீம் லீடர் மாலையை வைத்துவிட்டு, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர் போல நின்றார்.

"அப்பா மத்தியானம் எனக்குப் போன் பண்ணாரு" என்றாள் மகள், பொதுவாக எல்லோரிடமும். "குரலே வரல. ஆனா சந்தோஷமாத்தான் பேசினாரு."

"என்ன சொன்னாரு?" என்று டீம் லீடர் கேட்டார்.

"'உங்கம்மா கிழவனைக் காட்டினா, கண்ணு நிறையப் பாத்துட்டேன்'னாரு. அம்மாதான் அதை நிறுத்த விடாம பாத்துக்கிட்டாங்களாம். 'இனிமே யாரும் அவகிட்ட அதைப் பத்திக் கேக்கக் கூடாது, நீ பாத்துக்கோ'ன்னாரு. அதனால நீங்களும் கேக்காதீங்க சார்."

நிறுத்தும் உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்கு?" என்றாள்.

"என்னம்மா?"

"அப்பா பேசினது."

மகள் போனை எடுத்துப் பார்த்தாள். "பன்னண்டு நாப்பது. ஏன்?"

லேப்டாப்பை மூடியது பன்னிரண்டேகாலுக்கு. ஊசி வாங்கப் போனது பன்னிரண்டரைக்கு. அவள் மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்தத் தப்பில்லாத திரையைப் பார்த்து முடித்த பிறகுதான் அவன் பேசியிருக்கிறான்.

"சும்மாதான் கேட்டேன்."

டீம் லீடர் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார். "ரெண்டு வாரம் கழிச்சு வந்தா போதும். அவசரமே இல்ல."

"திங்கக்கிழமையே வந்துடறேன் சார்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மகளின் கையில் அந்தப் போன் இருந்தது. அதில் அப்பாவின் பெயரும் நேரமும். திரை மங்கி அணையப் போகும்போதெல்லாம் அவள் பக்கத்திலிருந்து கையை நீட்டி, விரலால் தொட்டுத் தொட்டு அதை எரியவைத்துக்கொண்டிருந்தாள்.