விலகியவர்கள் பதினோரு பேர்

ரத்த அழுத்த மாத்திரை ஆராய்ச்சியின் கடைசிக் கூட்டம். நோயாளிகளின் பிரதிநிதி என்று என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நான் தையல்காரன். ஒரு வருஷம் அந்த மாத்திரையை விழுங்கியவன். நான் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டால் அறிக்கை அச்சுக்குப் போகும், மாத்திரை கடைக்கு வரும். அதற்குத்தான் டீயும் பிஸ்கட்டும்.

பெரிய டாக்டர் கடகடவென்று படித்துக்கொண்டே போனார். "உயிரிழப்பு இல்லை. சொந்த விருப்பத்தில் விலகியவர்கள் பதினோரு பேர்."

எனக்குச் சுருக்கென்றது. "இருபத்தேழாம் நம்பர் பேஷன்ட் என் தம்பி சார். அவன் இதுல எங்க இருக்கான்?"

பதிவேடு எழுதும் அம்மா பக்கத்தைப் புரட்டினார். "அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தர். மூணு தடவை செக்கப்புக்கு வரலை. ஃபோன் பண்ணோம், கட் பண்ணிட்டாங்க. அப்படின்னா விருப்பமில்லன்னு போட்டுடுவோம். அதான் வழக்கம்."

"அவன் செத்துட்டான்மா. குளியலறையில தலை சுத்தி விழுந்து."

கட் பண்ணியது நான்தான். இழவு வீட்டில் லோன் வேணுமா என்று கேட்கும் ஆள் என்று நினைத்துவிட்டேன். பிறகும் வந்து சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தெரியாமலா இருக்கும் என்று இருந்துவிட்டேன். அவனை இந்த மாத்திரைக்கு வற்புறுத்திக் கூட்டி வந்தவனும் நான்தான். என் மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்கு. அதைத் திருத்திடலாம்," என்று டாக்டர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"மிச்சம் பத்து பேர்?"

"அவங்க விலகினவங்க."

"யார் வீட்டுக்காவது போய்ப் பாத்தீங்களா? இப்பவே ஃபோன் போடுங்க. அதுவரைக்கும் பேனாவைத் தொட மாட்டேன்."

வேண்டாவெறுப்பாக முதல் நம்பரை ஸ்பீக்கரில் போட்டார்கள். வெகுநேரம் அடித்தபின் ஒரு பெண்பிள்ளை எடுத்தாள். செக்கப்புக்கு அப்பா ஏன் வரவில்லை என்று பதிவேட்டம்மா கேட்டார்.

"அப்பா தவறிப் போய் ஆறு மாசம் ஆச்சே. அம்மாவும் நானும் சொல்ல வந்தோம், ரெண்டு தடவை. பேஷன்ட் நேர்ல வந்து சொன்னாத்தான் எழுதிக்குவோம்னு கவுன்ட்டர்ல திருப்பி அனுப்பிட்டாங்க."