இரண்டு தட்டு

மழைக்காலம் தொடங்க ஒன்பது நாள்தான் இருந்தது. அதற்குள் சரிந்த சுவரை எழுப்பாவிட்டால் மேலே இருக்கும் கிழங்கு நிலம் அப்படியே கீழே வந்துவிடும். மினெகோவுக்கு இருந்த நிலமே அது ஒன்றுதான்.

சாந்து பூசாத கல் சுவர் இருவர் வேலை. முன்னால் நிற்பவர் பெரிய கல்லை வைப்பார். பின்னால் நிற்பவர் சரளையை இறுக்கி அடைத்துவிட்டு, ஆயிற்று என்பதற்குக் கல்லில் இரண்டு முறை தட்டுவார். முன்னாலிருப்பவர் பதிலுக்கு ஒரு முறை தட்டிவிட்டு அடுத்த கல்லை எடுப்பார். பதினாறு வருடம் பின்னால் நின்று தட்டிய தம்பி செய்ஜி போன வருடம் ஒசாகாவுக்குப் போய்விட்டான். இப்போது ஒவ்வொரு கல்லுக்கும் மினெகோவே ஏணியில் ஏறிப் பின்னால் போய், இறங்கி முன்னால் வந்தாள். ஒரே நாளில் நாற்பத்தேழு தடவை. எண்ணாமலே இருந்திருக்கலாம்.

ஐந்தாம் நாள் காலை ஒரு நீளக் கல்லைச் சுவர் முகப்பின் போக்கிலேயே கிடத்தினாள். கல்லின் நீளம் சுவருக்குள்ளே போனால்தான் சுவர் நிற்கும் என்பது தெரியும். ஆனால் இப்படிக் கிடத்தினால் அது ஒன்றே மூன்று கல்லின் இடத்தை அடைத்துவிடும். இரண்டு தடவை ஏணி ஏறுவது மிச்சம்.

மறுநாள் காலை கீழ்வீட்டு ஃபுசாயே பெட்டியோடு வந்து நின்றாள். மட்சுயாமாவில் மகள் வீட்டோடு இருக்கப் போகிறாள். இனி இந்த மலைச்சரிவில் மினெகோ மட்டும்தான்.

"ஏண்டி, அந்தக் கல்லு மட்டும் ஏன் படுத்துத் தூங்குது?"

"அலுத்துப்போச்சு போல, அக்கா."

"கல்லுக்கா, உனக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

ஃபுசாயே சிரித்தாள். "நான் இங்க இருந்தா, என் கூரைமேல விழும்னு சண்டைக்கு வந்திருப்பேன். இனிமே யார் தலையில விழப்போவுது? விடு, யாரு பாக்கப்போறா?"

காய்ந்த நெத்திலிப் பொட்டலத்தை மினெகோவின் கையில் திணித்துவிட்டுக் கீழே கடற்கரையில் நின்ற படகுக்கு இறங்கினாள்.

படகு கரையின் முனையைத் தாண்டும்வரை மினெகோ அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதன் மேலிருந்த கற்களை ஒவ்வொன்றாக இறக்கி, அதைத் திருப்பி நீளம் உள்ளே போகும்படி வைத்தாள். அதில் ஒரு நாள் முழுவதும் போயிற்று.

ஒன்பதாம் நாள் கடைசிக் கல்லுக்குப் பின்னால் சரளையை அடைத்து முடித்தபோது, கை தானாக இரண்டு முறை தட்டியது. பதில் வரவில்லை. அவள் காத்திருந்தாள், எதற்கென்று தெரியாமல். பிறகு ஏணியில் இறங்கி வந்து, முன்னால் நின்று ஒரு முறை தட்டினாள்.

அன்று மாலை மழை பிடித்தது. ஃபுசாயேயின் ஆளில்லாத முற்றத்தில் நின்று மேலே சுவரைப் பார்த்தாள். கல் இடுக்குகளில் தண்ணீர் வந்தது. மண் வரவில்லை.